சாட்டர்ன்: உரிமையாளர்கள் சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸ் புரிந்துகொண்டதும்

1994 ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூருக்கு 40,000 பேர் அளவுக்குத் திரண்டு வந்தார்கள். திருவிழா எதுவும் இல்லை, கட்சி மாநாடும் இல்லை. தாங்கள் ஓட்டும் கார் பிறந்த தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். விடுமுறை எடுத்து, குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, பல மாநிலங்களைத் தாண்டி அதே காரை ஓட்டி வந்திருந்தார்கள். தொழிற்சாலைக்குள் நடந்து, தங்கள் வண்டியைப் பூட்டிய தொழிலாளர்களுடன் பேசினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் கிளையான சாட்டர்ன் என்ற கார் நிறுவனம் அந்த நிகழ்ச்சிக்கு ‘ஹோம்கமிங்’, அதாவது வீடு திரும்புதல் என்று பெயர் வைத்திருந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் விலையுயர்ந்த சொகுசு கார்களுக்கும் இப்படிக் கூட்டம் கூடுவது உண்டு. சாட்டர்ன் அந்த வகை இல்லை. 1990-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் அடிப்படை மாடலின் விலை 7,995 டாலர். வேலைக்குப் போகவும் கடைக்குப் போகவும் வாங்குகிற சாதாரணச் சின்னக் கார். அதற்கு இவ்வளவு அன்பு எப்படிச் சேர்ந்தது? அவ்வளவு அன்பு சேர்ந்த ஒரு பெயர், அடுத்த 16 ஆண்டுகளில் எப்படி இல்லாமல் போனது?

சாட்டர்ன் வைத்திருந்தவர்கள் சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெரும்பாலும் அவர்கள் காரிலிருந்து தொடங்குவதில்லை. கடையில் எப்படி நடத்தினார்கள், சர்வீஸுக்குப் போனபோது என்ன சொன்னார்கள், வாங்கிய நாளில் என்ன நடந்தது என்றுதான் பேச்சு தொடங்கும். காரைப் பற்றிக் கேட்டால் என்ஜின் சத்தம் அதிகம், உள்ளே பிளாஸ்டிக் மலிவாக இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். பிறகு, அடுத்ததும் சாட்டர்ன்தான் வாங்குவேன் என்பார்கள். அந்த நிறுவனத்தின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் இந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடையில் கிடைத்த இந்த மரியாதை ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டது என்பதற்கு முன்கதை கொஞ்சம் தேவை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்துக்கு நான்குக்கும் மேல் ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள். ஆனால் சின்னக் கார் செய்வதில் அந்த நிறுவனம் திரும்பத் திரும்ப அடி வாங்கியிருந்தது. 1970-ல் வந்த செவ்ரொலே வேகா துருப்பிடித்தது, என்ஜினும் காலை வாரியது. 1979-ல் வந்த சைட்டேஷன் முதலில் நன்றாக விற்று, அப்புறம் பிரேக் புகார்களிலும் ரீகால்களிலும் (பழுதுக்காக வண்டிகளைத் திரும்ப அழைப்பது) பெயரைக் கெடுத்துக்கொண்டது. அந்த இடத்தை டொயோட்டாவும் ஹோண்டாவும் பிடித்துக்கொண்டன. 1982-ல் ஹோண்டா ஒஹாயோ மாநிலத்திலேயே கார் தயாரிக்கத் தொடங்கியது. 1983-ல் நிசான் டென்னசிக்கு வந்தது. அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்தே ஜப்பானிய நிறுவனங்கள் நல்ல வண்டி செய்து காட்டிவிட்டதால், குற்றம் தொழிலாளியிடம் என்று இனிச் சொல்ல முடியவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய தலைவர் ரோஜர் ஸ்மித். 1982-ல் நிறுவனத்துக்குள் முளைத்த சின்னக் கார் திட்டத்தை அவர் 1983 நவம்பரில் வெளியே அறிவித்தார். 1985 ஜனவரியில் அது தனி நிறுவனமாகவே தொடங்கப்பட்டது. நம் காதில் சனி என்று விழுந்தாலும், அவர்கள் மனதில் இருந்தது மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட். சோவியத்தோடு நடந்த போட்டியில் அமெரிக்காவை ஜெயிக்கவைத்த ராக்கெட்டின் பெயரை, ஜப்பானோடு நடக்கும் போட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

புதிய நிறுவனத்துக்கு வரைபடம் போட்டவர்கள் பொறியாளர்கள் மட்டுமல்ல. நிர்வாகத்திலிருந்தும், கார்த் தொழிலாளர்களின் சங்கமான யுஏடபிள்யூவிலிருந்தும் 99 பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். பல நாட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவனங்களையும் சுற்றிப் பார்த்த அந்தக் குழு, பழைய முறை எதையும் அப்படியே எடுக்க வேண்டாம் என்ற முடிவோடு திரும்பியது. வழக்கமான தொழிற்சங்க ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். சாட்டர்னின் ஒப்பந்தம் 30 பக்கத்துக்குள் முடிந்தது. நேரம் பதியும் கடிகாரம் இல்லை. தொழிலாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தங்கள் வேலையைத் தாங்களே பங்கிட்டுக்கொண்டார்கள். புதிதாக யாரை எடுப்பது என்பதிலும் குழுவுக்குப் பங்கு இருந்தது. ஒரு முடிவில் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதமாவது உடன்பாடு வேண்டும், எடுத்த பிறகு 100 சதவீதம் துணை நிற்க வேண்டும் என்பது அங்கே புழங்கிய விதி. சம்பளத்தில் ஒரு பகுதி தரத்தோடும் உற்பத்தியோடும் இலாபத்தோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

தொழிற்சாலையைத் தங்களுக்குத் தரும்படி பல மாநிலங்கள் போட்டி போட்டன. 1985 ஜூலையில் ஸ்பிரிங் ஹில் தேர்வானது. நாஷ்வில்லுக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் தொலைவில், குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த ஊர் அது. அன்று அங்கே வாழ்ந்தவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வேறு மாநிலங்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் வேலை செய்தவர்கள். சொந்த ஊரையும் பழைய பணிமூப்பையும் விட்டுவிட்டு, இந்த முறை சரியாக வரும் என்று நம்பி வந்தவர்கள். 1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ரோஜர் ஸ்மித்தும் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரும் அதில் அமர்ந்திருந்தார்கள். அடுத்த நாளோடு ஸ்மித் ஓய்வு பெற்றார். சாட்டர்னைப் பெற்றவர் போய்விட்டார். வளர்க்க வேண்டியவர்களுக்கு அது தங்கள் பிள்ளை இல்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கு இது ஒரு காரணம்.

கார் எப்படி இருந்தது என்று பார்ப்போம். உள்ளே இரும்புக் கூடு. அதன்மேல் கதவுகளுக்கும் சக்கரத்தின் மேல் உள்ள ஃபெண்டர்களுக்கும் பாலிமர் பலகைகள். பானட், கூரை, டிக்கி மூடி மட்டும் இரும்புத் தகடு. கடை வாசலில் தள்ளுவண்டி இடித்தாலும், பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறந்து மோதினாலும் சொட்டை விழாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் பத்து வருடக் காரின் கதவடி துருப்பிடித்து உதிர்ந்துவிடும்; சாட்டர்னின் கதவு அப்படியே இருக்கும். உரிமையாளர்கள் காரைப் பற்றி மனம் திறந்து புகழ்ந்த விஷயம் இதுதான். இதற்கும் ஒரு விலை இருந்தது. வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிட அதிகம் விரியும். அதற்கு இடம் விட வேண்டுமே. அதனால் பலகைகளுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி அகலமாக இருந்தது. கார் விமர்சகர்கள் அதைக் குறை சொன்னார்கள். வைத்திருந்தவர்களோ சொட்டை விழாத கதவுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

1.9 லிட்டர் என்ஜின், அலுமினிய பிளாக், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். எடை குறைவு, எரிபொருள் சிக்கனம், எளிய அமைப்பு. வீட்டு வாசலிலேயே பழுது பார்க்கலாம் என்று கைவேலை தெரிந்தவர்கள் விரும்பினார்கள். சத்தமும் அதிர்வும் அதிகம் என்பதை எவரும் மறுக்கவில்லை.

இனி கடைக்கு வருவோம், ஏனென்றால் சாட்டர்னின் உயிர் அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் புதுக் கார் வாங்குவது பலருக்கும் கசப்பான அனுபவம். ஒட்டியிருக்கும் விலை உண்மையான விலை இல்லை. பேரம் பேச வேண்டும். விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்பார், திரும்பி வருவார், மறுபடியும் போவார். மூன்று மணி நேரம் கழித்துக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அதே காரை ஆயிரம் டாலர் குறைவாக வாங்கியிருப்பார். பேரம் பேசத் தெரியாதவரிடம் அதிகம் வாங்குவார்கள். பெண் தனியாகப் போனால் வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள் என்று சொல்லும் வழக்கம்கூட இருந்தது.

சாட்டர்ன் கடையில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. பேராசிரியருக்கும் அதே, பள்ளி முடித்து முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அதே. இது நல்லெண்ணத்தால் மட்டும் நடக்கவில்லை. அதற்கான ஏற்பாட்டை யோசித்துச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு டீலருக்கும் ஒரு பெரிய வட்டாரம் முழுவதையும் ஒப்படைத்ததால், பக்கத்துச் சாட்டர்ன் கடையோடு விலையில் மோத வேண்டிய தேவை டீலருக்கு இல்லை. விற்பனையாளரின் வருமானமும் பல கடைகளில் கமிஷனை நம்பி இருக்கவில்லை. அதனால் தேவையில்லாததைத் தலையில் கட்டும் அவசரம் குறைந்தது. பிடிக்கவில்லை என்றால் 30 நாள் அல்லது 1,500 மைலுக்குள் காரைத் திருப்பித் தரலாம். சாவி கொடுக்கும்போது கடையில் இருப்பவர்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து கூடிக் கைதட்டுவார்கள். காரோடு ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள். சிலருக்கு இது கூச்சமாக இருந்திருக்கிறது. ஆனால் இருபது முப்பது வருடம் கழித்தும் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

சோதனை சீக்கிரமே வந்தது. 1991-ல் வெளியிலிருந்து வாங்கிய கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஒரு தொகுதி கெட்டதாக இருந்து, என்ஜினை அரிக்கத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவை 1,836 கார்கள். ரேடியேட்டரையும் ஹோஸையும் மாற்றிக் கொடுத்திருந்தாலே பலர் ஏற்றிருப்பார்கள். சாட்டர்ன் அந்தக் கார்களுக்குப் பதிலாகப் புதுக் காரே கொடுத்தது. அதே ஆண்டு இருக்கை சாயும் பகுதியில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, அலாஸ்காவில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்காக இருக்கையை எடுத்துக்கொண்டு ஊழியரே விமானத்தில் போய் மாற்றிக் கொடுத்தார். அதை விளம்பரமாகவும் எடுத்தார்கள். 1993-ல் வயரிங் தீப்பிடிக்கும் ஆபத்து என்று சுமார் 3.5 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் பெயர் கெட்டிருக்கும். சாட்டர்ன் டீலர்கள் பலர் கடை வாசலில் அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, காரைக் கழுவியும் கொடுத்து அனுப்பினார்கள். தவறு செய்தவர் ஒளியாமல் முன்னால் வந்து நின்றால் மனிதர்கள் எவ்வளவு மன்னிப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கார் உலகில் எனக்குத் தெரியாது.

1992-ல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்தி ஆய்வில் சாட்டர்ன் மூன்றாம் இடம் பிடித்தது. மேலே இருந்தவை லெக்ஸஸ், இன்ஃபினிட்டி. இரண்டும் சாட்டர்னைவிடப் பல மடங்கு விலையுள்ள சொகுசு கார்கள். 1994-ல் விற்பனை 2.86 லட்சத்தைத் தொட்டது. அந்த எண்ணிக்கையைச் சாட்டர்ன் மறுபடி எட்டவே இல்லை.

அன்பு செலுத்தியவர்களின் குறைகளையும் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். முதல் தலைமுறை என்ஜினைப் பற்றிய பெரிய புகார், அது ஆயில் குடிக்கும் என்பது. பிஸ்டனில் ஆயிலை வழித்துக் கீழே இறக்கும் ரிங்கில் கரி படிந்து ஒட்டிக்கொண்டால், ஆயில் மேலே ஏறி எரிந்துவிடும். ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட், ஏறக்குறைய ஒரு லிட்டர், ஊற்றி ஊற்றி ஓட்டியவர்கள் ஏராளம். வெளியே புகையோ கீழே கசிவோ தெரியாது. அதனால் அளவு பார்க்காமல் ஓட்டி என்ஜினையே இழந்தவர்களும் உண்டு. ஆயில் மட்டத்தைக் கவனித்தவர்களோ இரண்டு லட்சம் மைல் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். ஒரே காரைப் பற்றி ஒருவர் குப்பை என்றும் இன்னொருவர் சாகாவரம் பெற்றது என்றும் சொன்னதற்குப் பெரும்பாலும் என்ஜினில் ஆயில் அளவு காட்டும் ஆயில் குச்சிதான் காரணம்.

தொழிற்சாலைக்குள்ளும் குரல்கள் எழுந்தன. 1991-ல் உற்பத்தியைக் கூட்டும்படி அழுத்தம் வந்தபோது, தரம் கெடும் என்று சொல்லித் தொழிலாளர்கள் கையில் பட்டை கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சம்பளம் கூட்டச் சொல்லிப் போராடுவது எங்கும் நடப்பது. கெட்ட காரை வெளியே அனுப்பமாட்டோம் என்று போராடியதுதான் சாட்டர்ன். ஷோரூமில் கைதட்டியவர்களுக்கும் இங்கே பட்டை கட்டியவர்களுக்கும் இருந்தது ஒரே மனநிலை. அந்த மனநிலையைத்தான் உரிமையாளர்கள் காரின் வழியாக உணர்ந்தார்கள்.

டெட்ராய்டில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் காட்டிய இழப்பு 23.5 பில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவைக் கணக்கில் ஏற்றியதால் வந்தது. ஆனாலும் நிறுவனம் உண்மையிலேயே திண்டாடியது. சாட்டர்னுக்குத் தனி என்ஜின், தனி கியர்பாக்ஸ், தனி உடற்கூடு, தனி ஆலை. சின்னக் காரில் கிடைக்கும் இலாபமோ கொஞ்சம். செவ்ரொலே, ஓல்ட்ஸ்மொபீல் பிரிவுகள் எங்கள் பங்குப் பணத்தைத் தின்றுதான் அது வளர்கிறது என்று முணுமுணுத்தன. கணக்குப் பார்ப்பவர் இடத்தில் நின்று பார்த்தால் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. 1994-லேயே சாட்டர்னின் தலைவரை ஜெனரல் மோட்டார்ஸின் சின்னக் கார் பிரிவு முழுமைக்கும் பொறுப்பாக்கி, தனி நிறுவனம் என்ற சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விளைவு என்னவென்றால், புது மாடல் வரவில்லை. 1990-ல் வந்த கார் அடிப்படையில் 2002 வரை விற்றது. நடுவே மேற்பூச்சு மாற்றங்கள் மட்டும். 1991-ல் தனியாளாகச் சாட்டர்ன் வாங்கிய ஒருவருக்கு 1997-ல் இரண்டு குழந்தைகள் இருக்கும். அவர் அதே கடைக்குத் திரும்பி, அதே ஆட்களிடம், பெரிய சாட்டர்ன் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை. வருத்தத்தோடு ஹோண்டாவுக்கோ டொயோட்டாவுக்கோ போகிறார். விசுவாசமான வாடிக்கையாளர்களைச் சாட்டர்ன் விரட்டவில்லை. அவர்களுக்கு விற்கக் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான்.

1999-ல் ஒருவழியாகப் பெரிய கார் வந்தது, எல்-சீரிஸ். அது ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய ஐரோப்பியக் கிளையான ஓப்பலின் வெக்ட்ரா என்ற காரின் அடித்தளத்தில் செய்தது. ஸ்பிரிங் ஹில்லில் அல்ல, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் ஆலையில். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2002-ல் சின்னக் காரின் இடத்துக்கு வந்த அயான், பழைய உரிமையாளர்களைக் கசக்க வைத்தது. வேகமானியை ஓட்டுநருக்கு நேரே வைக்காமல் டாஷ்போர்டின் நடுவில் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைப் பழைய காரைவிட மோசம் என்றார்கள். வியூ என்ற எஸ்யூவி நன்றாக விற்றது. ஆனால் தொடக்கத்தில் வியூவிலும் அயானிலும் போட்ட சிவிடி என்ற தானியங்கி வகை கியர்பாக்ஸ் தொடர்ந்து பழுதாகி, வாரன்ட்டியை நீட்ட வேண்டி வந்தது. பின்பு அந்த கியர்பாக்ஸையே கைவிட்டார்கள். பின்னாளில் ஹோண்டாவின் வி6 என்ஜின் போட்டு வந்த வியூவுக்கு மட்டும் உரிமையாளர்களிடம் இன்றும் நல்ல பெயர்.

2003 இறுதியில் ஸ்பிரிங் ஹில் தொழிலாளர்கள் தங்கள் தனி ஒப்பந்தத்தை விட்டு, மற்ற ஆலைகளுக்கு உள்ள பொது ஒப்பந்தத்துக்கு மாறப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். புதிய மாடல்கள் வராத ஆலையில் வேலைப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வேறு வழி தெரியவில்லை. 2007-ல் அங்கே சாட்டர்ன் உற்பத்தியே நின்றது. அதன்பின் விற்ற சாட்டர்ன்களில் பல ஐரோப்பிய ஓப்பலின் உறவுக் கார்கள். ஆஸ்ட்ரா பெல்ஜியத்திலிருந்தே கப்பலில் வந்தது. சொட்டை விழாத பலகைகளும் போய் இரும்புத் தகடு வந்திருந்தது.

இதில் ஒரு விசித்திரம், அந்தக் கடைசிக் கார்கள் நல்ல கார்கள். ஆரா 2007-ன் சிறந்த வட அமெரிக்கக் கார் விருது பெற்றது. ஸ்கை என்ற இரண்டு இருக்கை ரோட்ஸ்டரை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். முதல் சாட்டர்னைவிட இவை எல்லா வகையிலும் மேலானவை. ஆனால் விலை கூடியிருந்தது, வேறு ஆலைகளில் பூட்டிய வண்டிகள், பழைய வாடிக்கையாளர் பாதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். உரிமையாளர்கள் நேசித்தது ஒட்டியிருந்த பெயரை என்று ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆட்களையும் ஆலையையும் என்றல்லவா அவர்கள் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. அந்த வாரமே, கார்ப் பந்தய உலகிலும் டீலர் தொழிலிலும் பெயர் பெற்ற ரோஜர் பென்ஸ்கி சாட்டர்னை வாங்க முன்வந்தார். அவர் கேட்டது பெயரையும் டீலர்களையும்தான், ஆலைகளை அல்ல. சாட்டர்னில் மதிப்புள்ளது எது என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். சில காலம் ஜெனரல் மோட்டார்ஸ் கார் செய்து தரும், அதன்பின் வேறொரு நிறுவனம் தரும் என்பது திட்டம். பேசிவைத்திருந்த பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவின் இயக்குநர் குழு அதை ஏற்கவில்லை. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கி விலகினார். அன்றே ஜெனரல் மோட்டார்ஸ் சாட்டர்னை மூடுவதாக அறிவித்தது. ஏறக்குறைய 350 டீலர்கள் அந்தச் செய்திக்கு அடுத்த நாள் காலை கடை திறந்தார்கள். 2010 அக்டோபரோடு எல்லாம் முடிந்தது.

முடிந்த பிறகும் ஒரு கசப்பு மிச்சமிருந்தது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சின்னக் கார்களில் இருந்த பழுதான இக்னிஷன் சுவிட்சுக்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சாவி நழுவி என்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. அந்தப் பட்டியலில் அயானும் ஸ்கையும் இருந்தன. நிறுவனத்துக்குள் சிலருக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தும் வெளியே சொல்லாத குறை அது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள், எல்லா மாடல்களையும் சேர்த்து, 124. கூலன்ட் கெட்டதற்குக் காரையே மாற்றிக் கொடுத்த பெயர்ப்பலகையின் கீழ் இது நடந்தது என்பதைப் பழைய உரிமையாளர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஸ்பிரிங் ஹில் ஆலை இன்று காடிலாக் கார்களைச் செய்கிறது. ஊரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 50,000-ஐத் தொட்டுவிட்டது. எஸ்-சீரிஸ் என்ற அந்த முதல் சின்னக் கார்கள் இன்னும் அங்கங்கே ஓடுகின்றன; கூரையிலும் பானட்டிலும் பெயின்ட் உரிந்திருக்கும், கதவு மட்டும் நேற்று வாங்கியதுபோல நேராக இருக்கும். புதிதாக ஒருவர் அப்படியொரு வண்டியைச் சில நூறு டாலருக்கு வாங்கி வந்து பழைய உரிமையாளர்களிடம் யோசனை கேட்டால், முதலில் வரும் பதில் ஒன்றுதான்: ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அப்புறம், கேட்காமலேயே, தாங்கள் அதை வாங்கிய நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள்.